ரேஸ் குவாட் பைக்குக்கு ஃபிரேம் தேர்ந்தெடுப்பது: மலையகத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

ஹட்டனில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. என் குவாட்டை, அதாவது நான்கு சக்கர ரேஸ் பைக்கை, பக்கவாட்டில் சாய்த்து, அடியில் அப்பியிருந்த செம்மண்ணைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். முன் இடது பக்கம், கீழ் ஏ-ஆம் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஏ வடிவக் கை) வந்து மாட்டும் காதுக்கு, அதாவது ஃபிரேமில் ஒட்டிய துளைத் தகட்டுக்கு, பக்கத்தில், பெயிண்டின் மேல் தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் செதிலாக உதிர்ந்தது. அதற்கு அடியில் இரும்பிலேயே கோடு ஓடியது. குழாயைச் சுற்றிக் கால்வாசி தூரம் போயிருந்தது.

அந்தக் காது ஓட்டத்தின் நடுவில் கழன்றிருந்தால் முன் சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்திருக்கும். அன்று தொடங்கியதுதான் எனக்கு இந்த ஃபிரேம் தேடும் வேலை. அதற்குப் பிறகு என் வண்டிக்கும், கூட ஓடும் தம்பிமார் சிலரின் வண்டிகளுக்கும் ஃபிரேம் தேடி, அளந்து, திருப்பி அனுப்பி, ஒட்டி, கூட்டிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஃபிரேமை நம் ஊரிலேயே அளக்கவும், நேராக்கவும், உடைந்தால் ஒட்டவும் முடியுமோ, அந்த ஃபிரேமை வாங்குங்கள். இலகு, அழகு, பெயர் எல்லாம் அதற்கு அப்புறம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

1. உங்களுக்கு உண்மையிலேயே புது ஃபிரேம் வேண்டுமா?

பாதிப் பேருக்கு வேண்டாம். வெடிப்பு ஒரே இடத்தில், குழாய் நேராக இருந்தால், கம்பனி ஃபிரேமையே சுத்தமாக ஒட்டி, அந்த மூலைக்கு ஒரு முக்கோணத் தகடு வைத்து ஓடலாம். கையில் உள்ள காசை நல்ல ஷொக்குக்கும் டயருக்கும் போட்டால் நேரம் அதைவிட நன்றாகக் குறையும்.

புது ஃபிரேம் தேவைப்படுவது மூன்று நிலைகளில். ஒன்று, ஃபிரேம் முறுக்கிப் போயிருப்பது. அதாவது முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தளத்தில் நிற்கவில்லை. இரண்டு, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி மறுபடி வெடிப்பது. அது உலோகம் களைத்துவிட்டதற்கான அடையாளம், தகடு வைக்க வைக்க வெடிப்பு அடுத்த இடத்துக்குத்தான் நகரும். மூன்று, கம்பனி ஃபிரேமில் இடமே இல்லாத சஸ்பென்ஷனை நீங்கள் போட விரும்புவது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லை என்றால், இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பெயாரிங்குகளையும் புஷ்களையும் மாற்றுங்கள். ஆடும் புஷ் ஒன்று, வளைந்த ஃபிரேம் மாதிரியே வண்டியை இழுக்கும். பலர் இதில் ஏமாந்து ஃபிரேமுக்குக் காசு கட்டியிருக்கிறார்கள்.

2. விதியைக் கையில் வாங்குங்கள்

எந்தப் பந்தயத்தில், எந்தப் பிரிவில் ஓடப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, ஏற்பாட்டாளர்களிடம் அந்தப் பிரிவின் விதியை எழுத்தில் வாங்குங்கள். கம்பனி ஃபிரேம் கட்டாயமா, அகலத்துக்கு எல்லை உண்டா, கால் வைக்கும் இடத்தில் வலை கட்ட வேண்டுமா, கயிறு இழுத்தால் எஞ்சின் நிற்கும் சுவிட்ச் வேண்டுமா என்று பாருங்கள். அமெரிக்க மோட்டோகிராஸ் குவாட்களில் அகலத்தின் உச்ச எல்லை 50 அங்குலம், அதாவது 1270 மி.மீ. வெளிநாட்டில் ஃபிரேமும் ஏ-ஆமும் செய்பவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள்.

3. எஞ்சின்தான் ஃபிரேமைத் தீர்மானிக்கும்

தனியாகச் செய்த ஃபிரேம் ஒவ்வொன்றும் ஒரே ஓர் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. "450க்கு வரும்", அதாவது 450 சிசி எஞ்சினுக்குப் பொருந்தும், என்று ஒருவர் சொன்னால் அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லை. எந்த 450? எந்த ஆண்டு?

ஹொண்டா டிஆர்எக்ஸ்450ஆர் 2004இல் வந்தது. 2006இல் அதன் எஞ்சினே மாறியது, போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 94 மி.மீ.இல் இருந்து 96 மி.மீ. ஆனது. யமஹா ஒய்எஃப்இசட்450 காபரேட்டர் வண்டி. 2009இல் வந்த ஒய்எஃப்இசட்450ஆர் எரிபொருளைப் பீச்சும் வண்டி, அதன் ஃபிரேமும் வேறு. பெயரில் ஓர் எழுத்துத்தான் கூடியிருக்கிறது, ஆனால் ஒன்றின் ஃபிரேம் மற்றதற்கு வராது. ஆகவே எஞ்சினின் எண்ணைப் பார்த்து ஆண்டை உறுதி செய்துகொண்டு, பிறகு தேடத் தொடங்குங்கள்.

இந்த ஃபிரேம் தொழில் வளர்ந்த கதையே எஞ்சின் கதைதான். ஹொண்டா டிஆர்எக்ஸ்250ஆர் என்ற டூ-ஸ்ட்ரோக் வண்டி 1986 முதல் 1989 வரைதான் வந்தது. கம்பனி நிறுத்திவிட்டது, ஓட்டப்பந்தயக்காரர்கள் நிறுத்தவில்லை. அந்த எஞ்சினைச் சுற்றிப் புதிய ஃபிரேம்களைச் செய்து ஓட்டினார்கள். 2000த்தின் தொடக்கத்தில் மோட்டோகிராஸ் பைக்குகளின் ஃபோர்-ஸ்ட்ரோக் 450 எஞ்சின்களைக் கழற்றித் தனியாகச் செய்த குவாட் ஃபிரேமில் வைத்தார்கள். அதனால்தான் பழைய ஃபிரேம்கள் விற்பனைக்கு வரும்போது, சிலவற்றில் பைக் எஞ்சினுக்கான காதுகள் இருக்கும். குவாட் எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு அதை வாங்கினால் தலைவலிதான்.

எஞ்சின் காதுகள் பொருந்தினால் மட்டும் போதாது. ரேடியேட்டர், ஏர் பொக்ஸ், டேங்க், சைலன்சர் வளைவு, செயின் போகும் பாதை எல்லாம் கம்பனிப் பாகங்களாகவே மாட்டுமா, அவையும் தனியாக வாங்க வேண்டுமா என்று விற்பவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஃபிரேம் விலை கையில் அடங்கும்; இந்தச் சில்லறைகள்தான் மாதக் கணக்கில் இழுக்கும்.

4. உலோகம்: குரோமோலியா, அலுமினியமா?

என் கருத்து தெளிவு. மலையகத்தில் ஓடுபவருக்குக் குரோமோலி.

4130 என்று சொல்லும் குரோமோலி என்பது குரோமியமும் மொலிப்டினமும் கொஞ்சம் கலந்த இரும்பு. "குரோமோலி வளையாது" என்று கராஜ்களில் சொல்வார்கள். அது சரியில்லை. ஒரே அளவுக் குழாயை எடுத்தால், சாதாரண இரும்பும் குரோமோலியும் ஒரே அளவுதான் நெளியும், எடையும் ஒன்றுதான். வித்தியாசம் வலிமையில். நெளிந்துவிட்டுத் திரும்ப நேராக வரும் எல்லை குரோமோலிக்கு மிக அதிகம். அதனால் சுவர் மெல்லிய குழாயைப் போட முடிகிறது, அப்படித்தான் எடை குறைகிறது. விறைப்பு வேண்டுமென்றால் குழாயின் விட்டத்தையும், குழாய்கள் முக்கோணமாகச் சேர்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

அலுமினியம் கெட்ட பொருள் இல்லை. கவாசாகி 2008இல் கேஎஃப்எக்ஸ்450ஆரை அலுமினிய ஃபிரேமோடுதான் கொண்டுவந்தது. யமஹா ஒய்எஃப்இசட்450ஆரில் அலுமினியமும் இரும்பும் சேர்ந்திருக்கின்றன. சிக்கல் உடைந்த பிறகுதான் வருகிறது. 6061 போன்ற அலுமினியம், சூட்டில் பதப்படுத்தித்தான் வலிமை பெறுகிறது. ஒட்டு வைத்த இடத்தில் அந்தப் பதம் போய்விடும். திரும்பப் பதப்படுத்த முழு ஃபிரேமையும் சுமார் 530 பாகை செல்சியஸ் சூட்டில் வைக்கும் அடுப்பு வேண்டும். அதை எங்கே கொண்டுபோய்ச் செய்வது? இன்னொன்று, இரும்புக்கு ஓர் எல்லைக்குக் கீழே எத்தனை முறை அதிர்ந்தாலும் களைப்பு ஏறாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஒவ்வொரு குதிப்பும் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

குரோமோலியை ஒட்ட அடுப்பு வேண்டாம். மெல்லிய குழாய் என்றால் ஆர்கன் வெல்டிங், இ.ஆர்.70எஸ்-2 கம்பி, பொறுமையான கை, அவ்வளவுதான். ஆனால் கேட்டும் கிறிலும் செய்யும் கடையில் 6013 குச்சியைப் போட்டு ஒட்ட விடாதீர்கள். மெல்லிய குழாய் ஓட்டையாகும், இல்லாவிட்டால் மேலே மட்டும் ஒட்டிக்கொண்டு உள்ளே பிடிக்காது.

இரண்டு விஷயங்கள் நம் பக்கத்துக்கென்றே இருக்கின்றன. நுவரெலியாவில் காலை நேரத்தில் இரும்பு தொட்டால் கை சில்லிடும். அப்படியே ஒட்டினால் ஒட்டின் ஓரம் சட்டென்று குளிர்ந்து, கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போகும். முதலில் அந்த இடத்தைக் காஸ் விளக்கில் கைச்சூடு தாண்டும் வரை காய வைக்கச் சொல்லுங்கள். அடுத்தது காற்று. நம் பட்டறைகள் பாதி திறந்தவை. மலைக்காற்று ஆர்கனைத் தள்ளிவிடும், ஒட்டில் பொட்டுப் பொட்டாகத் துளை விழும். சாக்கைக் கட்டி மறைத்துவிட்டு வேலை தொடங்குங்கள்.

ஒருமுறை எனக்கு ஒட்டிக் கொடுத்த பாஸ், நல்ல கைக்காரர், வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் தண்ணீர் வாளியை எடுத்தார். "பாஸ், பாஸ், தண்ணி ஊத்தாதீங்க" என்று கத்தி நிறுத்தினேன். "ஏன் தம்பி, கேட்டுக்கு ஊத்துறதுதானே?" என்றார். குரோமோலியில் சூட்டோடு தண்ணீர் பட்டால் அந்த இடம் இறுகி நொறுங்கும் என்று சொன்னதும், அவரே ஒரு காய்ந்த சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டார். அந்த ஒட்டு இன்றுவரை அசையவில்லை.

5. அளவும் கோணமும்

ஃபிரேம் என்பது குழாய்க் கூடு மட்டும் இல்லை. சக்கரங்கள் எங்கே நிற்கும், எஞ்சின் எவ்வளவு உயரத்தில் உட்காரும், உங்கள் கால் எங்கே படும் என்பதை எல்லாம் தீர்மானிக்கிற துளைகளின் கூட்டம் அது. இந்தப் படியில் நிதானமாக இருங்கள்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஒய்எஃப்இசட்450ஆரின் கம்பனி அகலம் 1240 மி.மீ., முன் பின் சக்கர மையங்களுக்கு இடையே 1270 மி.மீ. முன்பக்கச் சக்கரம் மேலே கீழே போகும் தூரம் சுமார் 250 மி.மீ., பின்பக்கம் சுமார் 280. ஒரு ஃபிரேமைப் பார்க்கும்போது இந்த எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று கேளுங்கள்.

சக்கர இடைவெளி நீண்டால் வண்டி நேராக நிற்கும், குழி மேட்டில் அமைதியாகப் போகும், ஏற்றத்தில் முன்பக்கம் தூக்காது. ஆனால் திரும்பச் சோம்பல்படும். அமெரிக்கத் தடங்கள் அகலமானவை. அங்கே செய்யும் ஃபிரேம்கள் அந்த வேகத்துக்கும் நீண்ட குதிப்புகளுக்கும் ஏற்றவை. நம் பக்கத்துத் தடம் அப்படியா? தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில் மாதிரி இடங்களில் மேடும் சரிவும் அடுக்கடுக்காக வரும். நாங்கள் பயிற்சிக்குப் போகும் தோட்டப் பாதையில் கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கான். ஆகவே சக்கர இடைவெளியை நீட்டி வாங்காதீர்கள். கம்பனி அளவுக்குப் பக்கத்திலேயே இருங்கள். நீளம் வேண்டுமென்றால் நீளம் மாற்றக்கூடிய சுவிங் ஆம் (பின் சக்கரங்களைத் தாங்கும் கை) போட்டுக்கொள்ளலாம். மலையேற்றப் பந்தயத்துக்கு ஒரு நீளம், மற்ற நாளுக்கு ஒரு நீளம்.

மலையேற்றம் என்றதும் நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட ஞாபகம் வரும். 1934இல் தொடங்கிய பந்தயம் அது, கார்களும் பைக்குகளும் ஏறும் தார்ப்பாதை. நமக்கு அதிலிருந்து ஒரு பாடம் உண்டு: ஏற்றத்தில் எடை தானாகவே பின்னால் போகும். குவாட்டில் ஓட்டுபவரின் எடை பெரும் பங்கு என்பதால், கால்பலகையும் சீட்டும் எங்கே இருக்கின்றன என்பது எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதைப் போலவே முக்கியம். எஞ்சினைக் கொஞ்சம் தாழ்த்தி, முன்னால் தள்ளி வைத்த ஃபிரேம் நம் சரிவுகளில் நம்பிக்கையாக இருக்கும். ரொம்பத் தாழ்த்தினால் பாறையில் அடி வாங்கும், அதையும் பாருங்கள்.

உயரம் இன்னொரு வேலையையும் செய்கிறது. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். இதைக் கேட்டதும் பலர் "அப்போ எடையைக் குறைப்போம்" என்று மிக மெல்லிய குழாயில் செய்த ஃபிரேமைத் தேடுவார்கள். அந்த வழியில் போகாதீர்கள். எடையைச் சக்கரத்திலும், டயரிலும், சைலன்சரிலும், பட்டரியிலும் குறையுங்கள். பின் ஸ்புரொக்கெட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டினாலே ஏற்றத்தில் இழந்த இழுவையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது பலர் கவனிக்காமல் விடும் விஷயம். முன் சக்கரம் மேலே கீழே போகும்போது, ஹேண்டிலை நீங்கள் அசைக்காமலே சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பினால், ஒவ்வொரு குழியிலும் வண்டி கையில் இருந்து பிடுங்கும். ஏ-ஆம் ஆடும் வளைவும், ஹேண்டிலில் இருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் வளைவும் ஒத்துப்போகாததுதான் காரணம். அந்த ஒற்றுமையைத் தருவது ஃபிரேமில் உள்ள காதுகளின் இடம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியைக் கட்டையில் ஏற்றி, முன் ஷொக்கைக் கழற்றுங்கள். ஹேண்டிலை நேராக வைத்துக் கயிறால் கட்டுங்கள். முன் ஹப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்கு நேரான குழாய் ஒன்றைப் படுக்கைவாட்டில் கட்டுங்கள். வண்டிக்கு இணையாக ஒரு நூலை இழுத்துவிட்டு, ஜாக்கி வைத்து ஹப்பை 25 மி.மீ. 25 மி.மீ. ஆக உயர்த்துங்கள். ஒவ்வொரு உயரத்திலும் குழாயின் முன்முனைக்கும் நூலுக்கும், பின்முனைக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறாமல் இருந்தால் நல்லது. ஒன்றிரண்டு மி.மீ. பொறுக்கலாம். அதற்கு மேலே போனால் அந்த ஃபிரேமுக்கும் உங்கள் ஏ-ஆமுக்கும் ஜோடிப் பொருத்தம் இல்லை. விற்பவர் எந்த ஏ-ஆமோடு சேர்த்து ஃபிரேமைச் செய்தார் என்று கேட்டு, அதையே வாங்குங்கள்.

6. ஷொக்கையும் சேர்த்து யோசியுங்கள்

லோங் டிராவல் ஷொக்குக்கு, அதாவது கம்பனி ஷொக்கைவிட நீளமான ஷொக்குக்கு, செய்த ஃபிரேமிலும் ஏ-ஆமிலும் ஷொக் மாட்டும் இடமே வேறு. கம்பனி நீள ஷொக் அதில் ஏறாது. ஏறினாலும் வேலை செய்யாது. ஓலின்ஸ், ஃபொக்ஸ், எல்கா என்று எந்தப் பெயராக இருந்தாலும் கண்ணுக்குக் கண் நீளத்தையும் (இரு முனையிலும் உள்ள போல்ட் துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம்), அது எவ்வளவு அமுங்கும் என்பதையும் ஃபிரேம் செய்தவர் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆக ஃபிரேமின் விலை என்று நீங்கள் கணக்குப் போட வேண்டியது ஃபிரேம், ஏ-ஆம், ஸ்டியரிங் தண்டு, ஷொக் எல்லாம் சேர்ந்த தொகை. அது கைக்கு எட்டவில்லை என்றால், கம்பனி நீள ஷொக்குக்கே செய்த ஃபிரேமை வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

7. ஒட்டைப் படிப்பது

படம் அனுப்பச் சொல்லும்போது முழு ஃபிரேமின் அழகான படத்தைக் கேட்காதீர்கள். ஏ-ஆம் காதுகள், ஸ்டியரிங் தண்டு நிற்கும் இடம், பின் ஷொக்கின் மேல் காது, சுவிங் ஆம் அச்சு, கால்பலகை, சீட்டைத் தாங்கும் பின்பகுதி மாட்டும் போல்ட் துளைகள், இந்த ஆறு இடங்களைப் பக்கத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபிரேம்கள் வெடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பெயிண்ட் போடாத ஃபிரேமாக இருந்தால் ஒட்டு தன் கதையைத் தானே சொல்லும். செதில் செதிலாக ஒரே அகலத்தில், வைக்கோல் நிறமோ லேசான நீலமோ படிந்திருந்தால் நல்ல கை. கரி பூசியது மாதிரிச் சாம்பல் கறுப்பாக, பொருக்குத் தட்டி இருந்தால் காஸ் சரியாகக் காக்கவில்லை. ஒட்டின் ஓரத்தில் குழாயைச் சுரண்டியது போல் பள்ளம் ஓடினால் வேண்டவே வேண்டாம். வெடிப்பு அந்தப் பள்ளத்தில்தான் பிறக்கும். மூலைத் தகடுகளின் நுனியில் ஒட்டு சுற்றி வளைந்து முடிகிறதா, பாதியில் நின்றுவிட்டதா என்றும் பாருங்கள். போல்ட் குழாயைத் துளைத்துப் போகும் இடங்களில் உள்ளே ஒரு சிறு குழாய் வைத்து ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் நட்டை இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கும்.

பளபளவென்று குரோம் பூசிய ஃபிரேம் கண்ணைப் பறிக்கும். அந்தப் பூச்சு ஏறும்போது இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகலாம். ரேஸ் ஃபிரேமுக்கு வேண்டாம்.

8. ஓடிய ஃபிரேம் வாங்கினால்

வால்ஷ், லோன் ஸ்டார், ரோல் டிசைன், லேகர்ஸ் என்று அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் பெயர் சொல்லிப் பழைய ஃபிரேம்கள் விலைக்கு வரும். நல்ல பெயர்கள்தான். ஆனால் பத்து ஆண்டு ஓடிய பிறகு அந்தப் பெயரால் ஃபிரேம் நேராக நிற்காது. அளந்து பார்க்க வேண்டும்.

நான் வாங்கிய முதல் ஃபிரேம் அப்படி வந்ததுதான். விற்றவர் "விழவே இல்லை" என்றார். புதுப் பெயிண்ட் வேறு. வீட்டுக்குக் கொண்டுவந்து, லயத்துக்கு முன்னால் உள்ள சீமெந்துத் தரையில், நான்கு கட்டை வைத்து ஏற்றினேன். தச்சர்கள் பிடிக்கும் தூக்குக்குண்டை ஒவ்வொரு காதில் இருந்தும் தொங்கவிட்டு, தரையில் சோக்கட்டியால் புள்ளி வைத்தேன். ஃபிரேமைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் புள்ளிகளை நூலால் சேர்த்தேன். வலது பின்புறத்தில் இருந்து இடது முன்புறத்துக்கு ஒரு குறுக்குக் கோடு, இடது பின்புறத்தில் இருந்து வலது முன்புறத்துக்கு ஒன்று. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். டேப்பை மூன்று முறை பிடித்துப் பார்த்தேன். 9 மி.மீ. வித்தியாசம்.

அம்மா வாசலில் நின்று, "கோலம் போடுறியா தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மாதக் கணக்கில் சேர்த்த காசு அது.

இரண்டு மூன்று மி.மீ. வரை விடலாம். 9 என்றால் ஃபிரேம் ஒரு பெரிய அடியில் சாய்ந்திருக்கிறது. ஆகவே வாங்குவதற்கு முன்பே, விற்பவர் வீட்டுத் தரையிலேயே இதைச் செய்யுங்கள். ஒரு மணிநேரம் போதும். அளக்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

வெடிப்புப் பார்க்கப் பட்டறைகளில் சிவப்பு மருந்து அடித்து வெள்ளைப் பூச்சு போடுவார்கள். அது கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயும் சோக்கட்டியும் போதும். சந்தேகமான இடத்தில் பெயிண்டை அகற்றி, மண்ணெண்ணெய் தடவி, கால் மணிநேரம் விட்டு, நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். சோக்கட்டியைப் பொடித்து மேலே தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையின் நடுவே ஈரக்கோடு ஒன்று மெல்ல எழும். முதன்முதலில் அதைப் பார்ப்பவருக்கு மெய்சிலிர்க்கும்.

நம் பக்கத்து ஈரத்தில் குழாய் உள்ளேயும் துருப்பிடிக்கும். சிறு சுத்தியலால் அடிப்பக்கக் குழாய்களைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்ற சத்தம் ஓர் இடத்தில் மட்டும் மொத்தையாகக் கேட்டால், அங்கே நின்று பாருங்கள்.

9. வெளிநாட்டில் இருந்து வரவழைப்பது

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் படிப்படியாகத் திறந்தது. ஆகவே காசு அனுப்புவதற்கு முன்பே சுங்க வேலை செய்யும் முகவரிடம் போய், வெறும் ஃபிரேம் எந்த வகைக்குள் வரும், என்ன அனுமதி வேண்டும், வரி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஃபிரேமில் எண் அடித்திருந்தால் அதே எண் பற்றுச்சீட்டிலும் இருக்க வேண்டும். பெயிண்ட் போடாமல், எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டு கண்ணுக்குத் தெரியும், இங்கே கூட்டிப் பார்த்துத் தேவையானதைத் திருத்தவும் முடியும்.

10. முதலில் கூட்டுங்கள், பிறகு பெயிண்ட்

புது ஃபிரேமில் எஞ்சின், ஏ-ஆம், சுவிங் ஆம், ரேடியேட்டர், டேங்க் எல்லாவற்றையும் ஒருமுறை முழுவதும் மாட்டுங்கள். எந்தத் துளையிலும் போல்ட் கையாலேயே போக வேண்டும். சுத்தியலால் அடித்துத்தான் போகிறது என்றால் எங்கோ இழுத்துக்கொண்டு நிற்கிறது. அந்த இழுப்பு பிறகு வெடிப்பாக வரும். போல்ட்டின் தலையில் அதன் வலிமைத் தரமாக 8.8 அல்லது 10.9 என்று அடித்திருக்க வேண்டும். ஒன்றும் எழுதாத போல்ட்டைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

எல்லாம் சரி என்றால் கழற்றி, குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடித்து, திறந்த வாய்களை அடைத்து, அப்புறம் பெயிண்டுக்குக் கொடுங்கள். நிறம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல். கறுப்பு வேண்டாம். என் பழைய ஃபிரேமில் அந்தப் பழுப்புக் கோடு கண்ணில் பட்டதற்கு ஒரே காரணம் அதன் மேல் வெளிர் நிறம் இருந்ததுதான். பௌடர் பூச்சைத் தடிப்பாகப் போட்டால் அது ரப்பர் மாதிரி நெளிந்து வெடிப்பை மூடிவிடும். மெல்லிசாகப் போடச் சொல்லுங்கள்.

11. முதல் ஓட்டம்

பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள், பெரிய குதிப்பு வேண்டாம். நிறுத்தி எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்குங்கள். ஒரு மணிநேரம் ஓடியதும் இன்னொரு முறை. போல்ட் தலைக்கும் ஃபிரேமுக்கும் சேர்த்துப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்தால், அது நகர்ந்ததா என்று பார்த்தவுடன் தெரியும்.

"உடைஞ்சா எனக்குத்தானே" என்று சொல்லும் இளம் பிள்ளைகளிடம் எனக்குக் கோபம் வருவதுண்டு. 2024 ஏப்ரல் 21 அன்று ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடத்தை விட்டு விலகிய கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் உயிரிழந்தார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் நம் அண்ணன்மார், அக்காமார், கைப்பிள்ளைகள். ஏ-ஆம் காது கழன்ற குவாட் எந்தப் பக்கம் போகும் என்பதை ஓட்டுபவர் தீர்மானிக்க முடியாது.

அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வண்டியைக் கழுவும் வேலையை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். டோர்ச் லைட்டைச் சாய்வாகப் பிடித்து, அந்த ஆறு இடங்களையும் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். தேதியையும், எத்தனை மணிநேரம் ஓடியது என்பதையும், எந்த இடத்தில் என்ன பார்த்தீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். என் கொப்பியில் கடைசியாக எழுதியது போன வாரம்: முன் இடது கீழ்க் காது, சுத்தம். பின் ஷொக் மேல் காது, சுத்தம். வலது கால்பலகை போல்ட், கால் சுற்று இறுக்கியது.